நான்காம் வரிசை, பதினோராம் இடம்

வெஸ்டர்ஸீலில் தமிழ் வீடு என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில், பஸ் கடைசியாக வந்து திரும்புகிற சின்ன ஊர் அது. இறால் பிடிக்கும் ஆறேழு வள்ளங்கள் கட்டியிருக்கும் ஒரு துறைமுகம், சிவப்புக் கல்லில் ஒரு தேவாலயம், கோடையில் வருகிறவர்களுக்கென்று கட்டிவிட்ட வாடகை வீடுகள், அவ்வளவுதான். ஊருக்கும் கடலுக்கும் நடுவே பாதிப் பனை உயரத்துக்குப் புல் அணை ஒன்று நீண்டு கிடக்கும். அதில் செம்மறி ஆடுகள் மேயும். காலையோ மாலையோ அந்த ஊரில் ஒரே வணக்கம்தான். "மொயின்" என்பார்கள். செல்வரட்ணமும் முப்பது வருடத்துக்கு மேலாக அந்த மொயினைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அவருக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. ஊர்ச்சபையில் கடற்கரை வேலை. கூரை வைத்த பிரம்புக் கதிரைகள் அந்தக் கடற்கரையில் முந்நூறுக்கு மேல் உண்டு. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதற்குள் இரண்டு பேர் ஒடுங்கி உட்காரலாம். இளவேனிலில் அவற்றை உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவதும், ஐப்பசியில் புயல் அலை வருமுன் மண்டபத்துக்குள் இழுத்துப் போடுவதும், குளிர்காலம் முழுக்க இருந்து பிரம்பு மாற்றிப் பலகைக்கு வெள்ளை மை பூசுவதும் அவருடைய பாடு. அமைதியான மனிதர். சாப்பிட உட்கார்ந்தால் சிலுவை போடாமல் கரண்டியைத் தொடமாட்டார்.

அவரோடு அகதி விடுதியில் இருந்த தமிழ்ப் பொடியன்கள் பதினொரு பேர். வதிவிடக் கடதாசி கிடைத்ததும் ஒவ்வொருவராகக் கொலோனுக்கும் பீலெஃபெல்டுக்கும் போய்விட்டார்கள். இப்போதும் கிறிஸ்மஸ் வந்தால் தொலைபேசி எடுப்பார்கள்.

"என்னடாப்பா, இன்னும் ஆட்டோடைதான் நிக்கிறியோ? ஆடு தமிழ் பழகியிட்டுதோ?"

"கொஞ்சம் பழகியிட்டுது. உன்னைவிட நல்லாய்க் கதைக்கும்" என்பார் செல்வரட்ணம்.

கொலோனில் படிக்கும் மகன் மதிசுதன்கூடக் கேட்டுவிட்டான். "அப்பா, இஞ்சை தமிழ்க் கடை இருக்கு, தமிழ்ப் பூசை இருக்கு. அங்கை உங்களுக்கு என்ன இருக்கு?"

"காத்து இருக்கு தம்பி" என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

அவரைப் பிடித்து வைத்திருந்தது காற்று இல்லை. ஊர்ச் சேமக்காலையில், கல்லறைகளின் நான்காம் வரிசையில் பதினோராம் இடத்தில் கிறகோரி கிடந்தான். அவனை விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை.

கிறகோரி யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடல்காரன். செல்வரட்ணம் இளவாலையில் வெங்காயத் தோட்டம் செய்தவர். ஊரில் என்றால் இவருடைய வீட்டில் அவனுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்திருப்பார்களோ தெரியாது. இங்கே இருவருக்கும் ஒரே அறை. அடுக்குக் கட்டிலில் மேல் தட்டில் அவன், கீழ்த் தட்டில் இவர். அவன் மூன்று வயது மூத்தவன். இவர் "அண்ணை" என்பார். அவன் "டேய் வெங்காயம்" என்பான்.

விடுதியில் கிழமைக்கு இரண்டு தரம் சாப்பாட்டுப் பொதி தருவார்கள். தகரப் பேணியில் அடைத்த இறைச்சி, கட்டிப் பாண், பேணி அவரை. துறைமுகத்தில் மீன் மணக்க மணக்க இதைத் தின்பது கிறகோரிக்கு ஆகவே ஆகாது. ஒருநாள் அணையில் ஏறிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். கடலைக் காணவில்லை. அந்தப் பக்கத்துக் கடல் அப்படித்தான். ஆறு மணித்தியாலம் வற்றி, கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும். கரை முழுக்கச் சேறும், சேற்றுக்குள் பாம்பு நெளிந்த மாதிரி ஓடைகளும் மிஞ்சும். அந்த ஓடைகளில் தட்டை மீன் கிடக்கும்.

"இதுவும் ஒரு கடலோடா? குளம் வத்தினது மாதிரிக் கிடக்கு! எங்கடை அம்மா வந்தாலே சீலையைச் செருகிக்கொண்டு அள்ளுவா" என்று சிரித்தான்.

குப்பையில் கிடந்த குடை ஒன்றை உடைத்து, அதன் கம்பிகளைக் கல்லில் தீட்டித் தடியில் கட்டி, குத்தூசி ஒன்று செய்தான். முதல் நாள் நாலு மீன். பாரிஸிலிருந்து தபாலில் வந்த மிளகாய்த் தூளைப் போட்டுக் குழம்பு வைத்தார்கள். மணம் எழும்பி, கீழ்மாடி லெபனான்காரர் ரொட்டியோடு ஏறி வந்துவிட்டார். இரண்டாம் நாள் கரைக் காவலாளி பிடித்துக்கொண்டான். இந்த நாட்டில் அனுமதிப் பத்திரம் இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாதாம். இரண்டு பேரின் பெயரையும் கொப்பியில் எழுதினான். இன்னொருதரம் கண்டால் பொலிசுக்குக் கொடுப்பேன் என்றான். பொலிசுக்குப் போனால் அகதி வழக்கு பழுதாகும், வழக்கு பழுதானால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள் என்று விடுதியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மெய்யோ பொய்யோ, அந்தக் காலத்தில் அவர்கள் அதை வேதவாக்காக நம்பினார்கள்.

பிறகு தொண்ணூற்று நான்காம் ஆண்டு புரட்டாதியில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. கிறகோரி வெளிக்கிடும்போது மனைவி மற்றில்டா பிள்ளைத்தாய்ச்சி. பெண் பிள்ளை பிறந்து, ஞானஸ்நானமும் கொடுத்தாயிற்று, நீங்கள் சொன்னபடி உங்கள் அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறோம், பேர்பெச்சுவா, என்று எழுதியிருந்தாள். கிறகோரி கடிதத்தை நாலு தரம் வாசித்துவிட்டு எழுந்தான்.

"எழும்படா வெங்காயம். என்ரை பிள்ளையின்ரை பேருக்கு இண்டைக்குப் பேணி இறைச்சியோ தின்னப்போறம்?"

இருவரும் போனார்கள். அரை மணித்தியாலத்தில் செல்வரட்ணத்தின் கால் விறைத்துவிட்டது. அவன் அவரைப் பார்த்துச் சிரித்தான். "குளிருதெண்டால் போய் அடுப்பை மூட்டு. நான் இன்னும் நாலைக் குத்திப்போட்டு வாறன்."

செல்வரட்ணம் திரும்பி நடந்து அணையில் ஏறியபோது வெள்ளைப் புகை மாதிரிப் புகார் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்தார். ஆளைக் காணவில்லை. கீழே இறங்கிப் பார்த்தால், வரும்போது கணுக்கால் அளவில் கிடந்த ஓடையில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது. அந்தக் கடல் முன்னால் வந்து முகத்தைக் காட்டாது. ஓடைகளில் ஏறிப் பின்பக்கமாக வந்து வழியை மறிக்கும். யாழ்ப்பாணக் கடலில் நாள் முழுக்க நின்றாலும் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். கிறகோரி அந்தக் கடலில் பிறந்து அந்தக் கடலில் வளர்ந்தவன். கடலை அறிந்தவன் என்பதாலேயே அவனுக்கு இந்தக் கடலில் பயம் இல்லாமல் போயிற்று.

"அண்ணை!" என்று கத்தினார். ஒரே ஒரு தரம் மறுகுரல் கேட்டது. அது சிரிப்பா, கூப்பிட்டதா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அணையிலிருந்து இருநூறு எட்டு வைக்கிற தூரத்தில் ஒரு வீடு. ஜன்னலில் விளக்கு எரிந்தது. செல்வரட்ணம் ஓடினார். வேலிப் படலையில் கையும் வைத்தார். அப்போதுதான் காவலாளியின் கொப்பி நினைவுக்கு வந்தது. குத்தூசி நினைவுக்கு வந்தது. பொலிஸ் வரும், பெயர் இருக்கும், இரண்டு பேரையும் ஏற்றிவிடுவார்கள். கடல்காரன்தானே, வந்துவிடுவான், இதற்குப்போய் ஆட்களைக் கூப்பிட்டு ஆளுக்கே கேடு செய்வதா? படலையிலிருந்து கையை எடுத்தார். திரும்ப அணைக்குப் போய் நின்றார். செபமாலை சொன்னார். மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று இருபது. பிறகு பார்க்கும்போது நாலு இருபது.

அந்த ஒரு மணித்தியாலம்தான் செல்வரட்ணத்தின் வாழ்க்கை. மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கிடப்பது.

கடைசியில் கதவைத் தட்டியபோது ஒரு கிழவி திறந்தாள். "நண்பன், தண்ணி" என்று இரண்டு சொல்தான் ஜெர்மனில் சொல்ல வந்தது. அவர் சொல்லி முடிக்குமுன் கிழவி தொலைபேசியைத் தூக்கிவிட்டாள். பத்து நிமிடத்தில் மீட்புப் படகு போனது. ஹெலி சுற்றியது. கிழவி அவருக்குப் போர்வை போர்த்திவிட்டு, "ஏன் இப்போதுதான் வந்தாய்?" என்று கேட்டாள். அது அவருக்கு நன்றாகவே விளங்கியது. விளங்காதவர் மாதிரி நின்றார். மறுநாள் காலை இறால் வள்ளக்காரர் ஒருவர் கிறகோரியைக் கண்டெடுத்தார்.

கப்பல் வேலைக்குப் போன இடத்தில் அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று மற்றில்டாவுக்கு எழுதினார்கள். நாலு மீனுக்காகச் செத்தான் என்று அந்தப் பச்சை உடம்புக்காரி கேட்கக் கூடாது என்றுதான் எல்லோரும் சேர்ந்து அப்படி எழுதினார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. செல்வரட்ணம் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு கட்டிய மனைவி அன்ரனிற்றாவிடமும் சொல்லவில்லை. ஒரே ஒருமுறை, வயது போன ஜெர்மன் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அரைகுறைப் பாஷையில் சொன்னார். பாவமன்னிப்புக் கிடைத்தது. நித்திரை கிடைக்கவில்லை.

அகதிகளுக்குப் படி கொடுக்கிற சோஷல்காரர்தான் அடக்கச் செலவைப் பார்த்தார்கள். நட்டது ஒரு மரக்குருசு. செல்வரட்ணம் வேலைக்குச் சேர்ந்ததும் அதை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒரு கருங்கல் வைத்தார். ஞாயிறு பூசை முடிந்தால் நேரே அங்கேதான் போவார். களை பிடுங்குவார், தண்ணீர் ஊற்றுவார். ஒவ்வொரு வருடமும் ஆத்துமாக்கள் திருநாளன்று பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்திப் படம் எடுத்துப் பாசையூருக்கு அனுப்புவார். மற்றில்டாவுக்கு அந்தப் படங்கள்தான் கணவன். பேர்பெச்சுவாவுக்கு அவைதான் தகப்பன்.

போன வருடம் பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு ஞாயிறு, கல்லில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. அந்த வரிசையில் எல்லாக் கல்லிலும் ஒட்டியிருந்தது. ஓய்வுக்காலம் முடிகிறது, நிர்வாகத்தோடு தொடர்புகொள்ளவும் என்று அதில் இருந்தது. செல்வரட்ணம் இரண்டு தரம் வாசித்தார். பாஷை விளங்கியது, சங்கதி விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அன்ரனிற்றா காய் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் ஊரின் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்பவள். வாயில் வந்ததைச் சொல்லிவிடுவாள்.

"என்ன? செத்தவனுக்கும் விசா முடியுதோ இந்த நாட்டிலை?"

திங்கட்கிழமை வேலையால் அரை நாள் எடுத்துக்கொண்டு சேமக்காலை நிர்வாகத்துக்குப் போனார். அங்கே ஃபிராவ் தீசன் என்ற பெண் இருந்தாள். அறுபதை அண்டியவள். அந்தப் பக்கத்து ஆட்களின் வழக்கப்படி முதலில் தேத்தண்ணி ஊற்றி, கற்கண்டு போட்டு, மேலே ஒரு துளி பாலாடை விட்டுக் கொடுத்தாள். பிறகுதான் புத்தகத்தைத் திறந்தாள்.

"நீங்கள் இறந்தவரின் உறவினரா?"

"இல்லை. நண்பர்."

"வரிசைக் கல்லறைக்கு முப்பது வருடம். அதற்குமேல் யாருக்கும் நீட்டிக்க முடியாது ஹெர் செல்வரட்ணம். உறவினருக்கும் முடியாது. என் சொந்தப் பெரியப்பா ஏழாம் இடத்தில்தான் கிடக்கிறார்."

"ஆளை வெளியே எடுப்பீர்களா?"

"ஐயோ, இல்லை. அவர் இருக்கிற இடத்தில்தான் இருப்பார். கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் புல் விதைப்போம்."

செல்வரட்ணம் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். தகப்பனை ஒருநாளும் கண்டதில்லை. அவள் வந்து ஒருதரம் பார்க்கும்வரை விட்டுவையுங்கள்."

"எப்போது வருகிறாள்?"

மகளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவர், "விசா வந்தவுடன்" என்றார். ஃபிராவ் தீசன் பென்சிலால் கார்த்திகை என்று ஓரத்தில் எழுதினாள்.

அன்று பின்னேரமே பாசையூருக்குத் தொலைபேசி எடுத்தார். "அக்கா, பிள்ளையை ஒருக்கால் அனுப்புங்கோ. தேப்பன்ரை இடத்தைப் பாத்திட்டு வரட்டும். எல்லாம் நான் பாக்கிறன்" என்றார். ஏன் இவ்வளவு அவசரம் என்று அவர் சொல்லவில்லை. மற்றில்டா மறுமுனையில் அழுதாள். முப்பது வருடமாக ஆண்டவரிடம் கேட்டது அது ஒன்றுதான் என்றாள்.

அவளைக் கூப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் வைத்திருந்தார் செல்வரட்ணம். அவள் வருவாள். கல்லுக்கு முன்னால் முழங்காலில் நிற்பாள். அந்த இடத்தில், கிறகோரியும் கேட்கத்தக்கதாக, அந்த ஒரு மணித்தியாலத்தை அவளிடம் சொல்லிவிட வேண்டும். கல் இல்லாமல் சொல்ல அவருக்குத் துணிவு வராது. அதுவரைக்குமாவது கல் நிற்க வேண்டும். செபத்தில் அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

அன்ராக் என்கிற விண்ணப்பத்தை நிரப்பினார், சம்பளத் துண்டு அனுப்பினார், அழைப்புக் கடிதம் எழுதினார். கொழும்பில் தூதரகத்துக்குப் போகப் பேர்பெச்சுவாவுக்குத் தெர்மீன், அதுதான் நாள், கிடைக்கவே ஆவணி ஆகிவிட்டது. முதல் தரம் விசா கிடைக்கவில்லை. கலியாணம் செய்யாத பெண், திரும்பிப் போவாள் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டார்களாம். அவள் ஒரு முன்பள்ளி ஆசிரியை.

"மாமா, நான் அங்கை நிண்டு என்ன செய்யப்போறன்?" என்று தொலைபேசியில் சொன்னாள். "முப்பத்திரண்டு பிள்ளையள் எனக்காண்டிப் பாத்துக்கொண்டு இருக்குதுகள், மூக்குத் துடைச்சுவிடவும் வேறை ஆள் இல்லை எண்டு எழுதிக் குடுத்தனான். நம்பேல்லை!"

அவளுக்குச் சிரிப்பு. செல்வரட்ணம் திரும்பவும் அழைப்புக் கடிதம் எழுதி, இன்னொருதரம் விண்ணப்பம் போடச் சொன்னார். கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் ஃபிராவ் தீசனிடம் போனார். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தாள். கார்த்திகையை அழித்து, பெப்ரவரி கடைசி என்று எழுதினாள். "நிலம் உறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அதற்குமேல் என்னால் ஏலாது" என்றாள். பெப்ரவரியும் முடிந்தது. அப்படியென்றால் கல்லையாவது எனக்குத் தாருங்கள் என்று கேட்டார். சரி, வியாழக்கிழமை தள்ளுவண்டியோடு வாருங்கள், ஆட்கள் வெள்ளிதான் வருவார்கள் என்றாள்.

ஆட்கள் செவ்வாயே வந்துவிட்டார்கள். நிலம் இளகிவிட்டது, இயந்திரமும் பக்கத்து ஊரில் நின்றது, அதனால் வந்துவிட்டார்கள். ஃபிராவ் தீசன் கண்டு தொலைபேசி எடுத்தபோது செல்வரட்ணம் மண்டபத்தில் கதிரைக்கு மை பூசிக்கொண்டிருந்தார். கையில் வெள்ளை மையோடு சைக்கிளில் ஓடினார். வாசலில் ஒரு பெரிய இரும்புத் தொட்டி நின்றது. அதற்குள் நான்காம் வரிசையின் கற்கள் எல்லாம் உடைந்து கலந்து கிடந்தன. எது யாருடையது என்று பிரிக்க முடியாது. வரிசை முழுக்க வாரிவிட்டது மாதிரி மண். ஃபிராவ் தீசன் பக்கத்தில் வந்து நின்றாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் "பரவாயில்லை" என்றார். வேறென்ன சொல்வது.

மறுநாள் விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனார்.

அடுத்த செவ்வாய் விசா வந்துவிட்டது. பேர்பெச்சுவா தொலைபேசியில் குழந்தை மாதிரிக் கூவினாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை வர முன்னம் சொல்லிப்போடுங்கோ" என்றாள் அன்ரனிற்றா. "கல் இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு வரட்டும்."

"வரட்டும். நேரை சொல்லுறன்."

"நீங்கள் எதையும் பிந்தித்தான் சொல்லுவியள்!"

அவள் எல்லா மனைவிமாரும் சொல்வது மாதிரித்தான் சொன்னாள். செல்வரட்ணம் சோற்றை வைத்துவிட்டு எழுந்தார்.

சித்திரை முதற்கிழமை ப்ரேமன் விமான நிலையத்தில் அவளைக் கண்டார். அதே நெற்றி, அதே பல். சிரித்தால் கிறகோரி. வழி முழுக்க இரயிலில் கதைத்துக்கொண்டே வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். மற்றில்டா தையல்காரி. சிவப்புத் துணியில் பூப்பூவாகத் தைத்துக் கோர்த்த மாலை. "வாடாத மாலை வேணுமாம். மழை பெய்தாலும் கல்லிலை கிடக்கவேணுமாம். ஒரு மாசம் இருந்து தைச்சவ" என்றாள்.

செல்வரட்ணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை சேமக்காலைக்குப் போனார்கள். நல்ல வெயில், காற்று மட்டும் குளிர். அவர் முன்னால் நடந்தார். தண்ணீர்க் குழாயிலிருந்து எட்டு வைத்து எண்ணினார். பத்தொன்பதாவது எட்டில் நின்றார். அங்கே புதிதாகப் பரப்பிய மண். அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் புல் முளைத்திருந்தது. குருவி கொத்தாமல் மேலே ஒரு வலை.

"இதுதான் பிள்ளை."

பேர்பெச்சுவா அவரைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள். "எது மாமா?"

"இஞ்சை. இந்த இடம்."

"கல்? படத்திலை கல் இருந்ததே."

அவர் சொன்னார். முப்பது வருடக் கணக்கைச் சொன்னார், மஞ்சள் தாளைச் சொன்னார், செவ்வாய்க்கிழமையைச் சொன்னார். அவள் மாலையைப் பொட்டலத்திலிருந்து எடுத்தபடியே நின்று கேட்டாள்.

"எப்ப எடுத்தவை?"

"மாசி முடிய. விசா வர ஒரு கிழமைக்கு முன்னம்."

"அப்ப எனக்கு ஏன் சொல்லேல்லை? அம்மா ராவு பகலாத் தைச்சுக்கொண்டு இருந்தவ. நீங்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்."

கல்லுக்கு முன்னால் சொல்லலாம் என்று எத்தனையோ தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது, இப்போது வலைபோட்ட மண்ணுக்கு முன்னால் வாயில் வந்து நின்றது. இனியும் விட்டால் இந்தப் பிறப்பில் சொல்லமாட்டார் என்று அவருக்கே தெரிந்தது.

"பிள்ளை, அதைவிட ஒண்டு இருக்கு. உம்மடை அப்பா கப்பல் வேலைக்குப் போகேல்லை."

பேணி இறைச்சியிலிருந்து தொடங்கினார். குடைக்கம்பி, காவலாளி, கடிதம், புகார் என்று எல்லாம் சொன்னார். தன் பெயருக்காகத்தான் அவன் மீன் குத்தப் போனான் என்ற இடத்தில் அவள் கண்ணை மூடித் திறந்தாள். படலையில் கை வைத்ததையும் எடுத்ததையும் சொன்னார்.

"எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

"ஒரு மணித்தியாலம்."

"அந்த நேரம் கூப்பிட்டிருந்தால் காப்பாத்தியிருப்பினமோ?"

"படகு பத்து நிமிசத்திலை வந்தது பிள்ளை."

தேவாலய மணி பதினொன்று அடித்தது. அவள் அழவில்லை. அவரைத் திட்டவும் இல்லை. திட்டினால் நல்லாயிருக்கும் என்று அவர் நினைத்தார். அவள் வலையின் ஓரமாக முழங்காலில் இருந்து, மாலையை அதன் மேல் வைத்தாள். பாசையூரிலிருந்து கொண்டுவந்த மெழுகுதிரியைக் கொளுத்தப் பார்த்தாள். காற்று நாலு தரம் அணைத்தது. ஐந்தாம் தரம் செல்வரட்ணம் கிட்டப் போய்த் தன் சட்டையால் மறைத்தார். அவள் விலகச் சொல்லவில்லை. ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை.

வெளிக்கிடும்போது மாலையை எடுத்துத் திரும்பப் பொட்டலத்தில் வைத்துக்கொண்டாள். "புல்லு வெட்டுற ஆக்கள் எறிஞ்சு போடுவினம்" என்றாள். அவ்வளவுதான்.

மத்தியானம் அன்ரனிற்றா போட்ட சோற்றை விரலால் அளைந்துகொண்டே இருந்தாள். அன்ரனிற்றா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன நடந்தது?" என்று கேட்டாள். செல்வரட்ணம் எழுந்து, அவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், இருபத்தைந்து வருடம் சொல்லாததை நின்ற நிலையில் சொன்னார். அன்ரனிற்றா ஸ்ரூலில் உட்கார்ந்துவிட்டாள். "என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, அவளுடைய தலையைத் தடவினாள்.

மூன்று மணிபோலப் பேர்பெச்சுவாவின் தொலைபேசி அடித்தது. பாசையூரில் பொழுதுபட்டிருக்கும். அம்மா.

அவள் உடனே எடுக்கவில்லை. அடிக்க விட்டுவிட்டு அன்ரனிற்றாவிடம் கேட்டாள்: "மாமி, போன ஆத்துமாக்கள் திருநாளுக்கு எடுத்த படம் இருக்கோ? அனுப்பாதது ஏதும்?"

அன்ரனிற்றா தன் தொலைபேசியில் தேடிக் கொடுத்தாள். கல், வெள்ளைச் செவ்வந்தி, இரண்டு சிவப்பு விளக்கு. பேர்பெச்சுவா அதை வாங்கித் தன்னுடையதுக்கு அனுப்பி, அங்கிருந்து அம்மாவுக்கு அனுப்பினாள். பிறகு தானே அம்மாவுக்கு எடுத்தாள்.

"அம்மா… ஓம், போனனான். காலமை. படம் வந்ததோ?… வீடியோ வராது அம்மா, இஞ்சை கடற்கரை, லைன் சரியில்லை."

மற்றில்டாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "கல்லு நல்லாக் கிடக்கே மகள்?"

"ஓம் அம்மா. நல்லாக் கிடக்கு. துடைச்சு மினுக்கி வைச்சிருக்கினம்."

"மாலை போட்டனியோ? படத்திலை காணேல்லையே."

"அது… படம் எடுத்த பிறகுதான் போட்டனான். கல்லைச் சுத்திப் போட்டனான் அம்மா. அளவாய் இருந்தது."

சொல்லச் சொல்ல அவளுடைய கண்ணால் தண்ணீர் ஓடியது. குரல் மட்டும் முன்பள்ளியில் பிள்ளைகளோடு கதைக்கிற குரல் மாதிரி நேராக இருந்தது. எவ்வளவு கெதியாகப் பழகிவிட்டாள் என்று செல்வரட்ணம் திகைத்துப்போனார். தாய் நோகக் கூடாது என்று ஒரு பொய், அதை மறைக்க இன்னொன்று. அன்றைக்கு விடுதியில் கடிதம் எழுத இருந்தபோது தாங்களும் இப்படித்தான் தொடங்கினோம் என்று அவருக்கு வந்தது. தன் பாரத்தை இறக்கத்தான் அவர் நினைத்தார். அது இறங்கவில்லை. பாதியை இந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டிருந்தார். அவள் அதை ஊருக்குக் கொண்டுபோவாள். தாயோடு ஒரே வீட்டில், ஒரே பாயில், தாய் கண்மூடும்வரை சுமப்பாள்.

"அம்மாக்கு நான் சொல்லேல்லை. நீங்களும் சொல்லாதேங்கோ" என்று தொலைபேசியைப் பொத்திக்கொண்டு சொன்னாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னாள். "அவ தாங்கமாட்டா."

மறுமுனையில் மற்றில்டா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "மகள், செல்வரட்ணம் தம்பியிட்டை ஒருக்கால் குடு."

பேர்பெச்சுவா கையை நீட்டினாள். செல்வரட்ணம் வாங்கிக் காதில் வைத்தார்.

"தம்பி" என்றாள் மற்றில்டா. அழுதழுது இளைத்த குரல். "கூடப்பிறந்த சகோதரம்கூட இப்பிடிப் பாத்திராது. முப்பது வருசம் அவரைத் தனிய விடாமல் பக்கத்திலை இருந்தனீங்கள். கடைசி நேரத்திலையும் நீங்கள்தானே பக்கத்திலை. ஆண்டவர் உங்களை ஒருநாளும் கைவிடமாட்டார்."

அவர் வாயைத் திறந்தார். எதிரே பேர்பெச்சுவா இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"தம்பி, கேக்குதோ?"

"ஓம் அக்கா" என்றார் செல்வரட்ணம்.